கட்டைவிரல் வைத்த ஜாடி

முத்துத்தாயின் ஜாடிக்கு வெயிலுகந்தன் வைத்த விலை பதினோரு ரூபாய்.

பத்து என்றால் வாய்க்கு வந்ததைச் சொன்ன மாதிரி இருக்கும். பன்னிரண்டு என்றால் ஆசைப்படுகிறான் என்று தெரிந்துவிடும். பதினொன்று என்பது, உட்கார்ந்து யோசித்து, இதற்கு மேல் காலணா ஏறினாலும் தன் பிள்ளைகுட்டி பட்டினி என்று சொல்லாமல் சொல்கிற தொகை. அருப்புக்கோட்டைக் கடைத்தெருவில் தொழில் படித்தவனுக்கு அந்த ஒற்றை ரூபாயின் அருமை தெரியும்.

சப்பான்காரன் ரங்கூனைப் பிடித்ததும் கப்பல் நின்றது. அரிசி வரவில்லையே என்று ஊர் அழுதது. வெயிலுகந்தன் ஜாடி வரவில்லையே என்று அழுதான். அவனுடையது மங்குக் கடை, பீங்கான் சாமான் கடை. ஊறுகாய் ஜாடி, உப்பு ஜாடி, எண்ணெய் ஜாடி என்று பர்மாவிலிருந்து வந்து இறங்கிய சரக்கால் நிமிர்ந்த கடை. நம் ஊர் மண்பானையில் ஊறுகாய் போட்டால் ஒரு மழைக்காலம் தாங்காது. உப்பு வெளியே பூத்து, பானை செதில் செதிலாக உரிந்துவிடும். இந்த ஜாடிகள் கல்லாக வெந்தவை. உப்பும் புளிப்பும் எத்தனை வருஷம் உள்ளே கிடந்தாலும் ஜாடியை அரிக்காது.

புதுச் சரக்கு நின்றுபோனதும் பழைய ஜாடிக்கு மவுசு ஏறியது. சாப்பாட்டுக் கிளப்புக் கடைக்காரர்களும் மில்லுக்காரர்களும் கேட்ட விலை கொடுத்தார்கள். வெயிலுகந்தன் மொக்கையனின் மாட்டு வண்டியைப் பிடித்துக்கொண்டு திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் ஊர்களில் வீடு வீடாக ஏறி இறங்கினான். ரங்கூனுக்குப் பிழைக்கப் போனவர்கள் வீட்டிலெல்லாம் ஒரு ஜாடியாவது இருந்தது.

அவனுக்கு ஒரு பேர் இருந்தது. ஜாடியை விரலால் சுண்டி, காதை வைத்துக் கேட்டு, சாமான் முழுசா விரிசலா என்று சொல்லிவிடுவான். கல்யாணத்துக்கு ஜாடி எடுக்கிறவர்கள் அவனிடம் கொண்டுவந்து காட்டிவிட்டுத்தான் எடுப்பார்கள். "வெயிலுகந்தன் சுண்டின ஜாடி" என்றால் அதற்கு மேல் பேச்சில்லை.

அந்தப் பேருக்குள் ஒரு சின்ன வேலை ஒளிந்திருந்தது. விற்கும்போது ஜாடியின் வாய் விளிம்பில் கையே படாமல் சுண்டுவான். கோயில் மணி மாதிரி ஒலிக்கும். வாங்கும்போது, பிடித்துக்கொள்கிற மாதிரி இடது கட்டைவிரலை விளிம்பில் வைத்து அழுத்திக்கொண்டு சுண்டுவான். சத்தம் பிறக்கும்போதே செத்துவிடும். எத்தனை நல்ல ஜாடியும் 'டப்' என்று ஓட்டாஞ்சில்லு மாதிரிச் சொல்லும்.

அதைப் பொய் என்று அவன் நினைத்ததே இல்லை. விற்கிறவன் வானத்தில் ஒரு விலை சொல்ல, வாங்குகிறவன் பாதாளத்தில் ஒரு விலை சொல்ல, இரண்டு பேருமே நம்பாத நாலு பேச்சைப் பேசி நடுவில் வந்து சேருவதுதானே வியாபாரம்? அவன் கட்டைவிரலும் அந்த நாலு பேச்சில் ஒன்று, அவ்வளவுதான். எதிரே நிற்பது வியாபாரி இல்லை, சொன்னதை அப்படியே நம்பிவிடுகிற ஆள் என்றால் என்ன ஆகும் என்று அவன் யோசிக்கவில்லை. அவன் வளர்ந்த தெருவில் அப்படிப்பட்ட ஆளே கிடையாது.

முத்துத்தாய் இருந்தது ஆலடிப்பட்டியில். வீட்டு மூலையில் இடுப்பு உயரத்துக்கு நின்றது ஜாடி. அகன்ற தோள், நாலு காது, கருப்பட்டிப் பாகை ஊற்றிய மாதிரி மேலிருந்து வழிந்து, அடிக்கு நாலு விரல் மேலே கோணலாக நின்றுபோன பளபளப்பு. ஒரு காதின் அடியில் செய்தவனுடைய கட்டைவிரல் பள்ளம் அப்படியே இருந்தது. பார்த்த மாத்திரத்தில் வெயிலுகந்தன் மனசு நாற்பது ரூபாய் என்றது.

"தாயி, இத என்ன விலைக்குக் குடுப்பீக?"

"விக்கிறதுக்கில்ல அண்ணாச்சி. எம் மக மாரிக்கனிக்கு வைகாசியில கல்யாணம். மல்லாங்கிணத்துக்குக் குடுக்கோம். அவளோட போகுது."

"போகட்டும், போகட்டும், மகராசியாப் போகட்டும். சும்மா ஒரு சுண்டு சுண்டிப் பாக்கட்டுமா? அதுக்குக் காசு கேக்க மாட்டேன்."

"பாருங்க. எங்க வீட்டுக்காரவுக ரங்கூன்ல அரிசி மில்லுல இருந்தப்பக் குடுத்துவிட்டது. பிள்ளைக்குன்னே வாங்குனாகளாம். சண்டையில எல்லாரும் நடந்து வந்தாக. அவுக வரல."

வெயிலுகந்தன் 'த்சொ' என்றான். அதை உண்மையாகவேதான் சொன்னான். சொல்லிவிட்டு விளிம்பில் கட்டைவிரலை வைத்தான். சுண்டினான். டப். தலையைச் சாய்த்து இன்னொரு தரம் சுண்டினான். டப். பெருமூச்சு விட்டான்.

"என்ன அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்ல தாயி."

"ஒண்ணுமில்லாமயா மூஞ்சி இப்படிப் போகுது?"

"அடியில மயிரிழை மாதிரி விரிசல் ஓடியிருக்கு. கண்ணுக்குத் தெரியாது. சத்தம் செத்துக் கெடக்கு, கேட்டீகல்ல? கப்பல்ல வந்த சாமான், எங்க இடிபட்டுச்சோ."

முத்துத்தாய் ஜாடியைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற ஆளைப் பார்க்கிற பார்வை அது.

"ஒழுகுமா?"

"இன்னைக்கு ஒழுகாது. உப்பு உள்ள ஊற ஊற விரிசல் வாயத் தொறக்கும். எனக்கெதுக்கு? ஒங்க நல்லதுக்குச் சொல்றேன். பதினோரு ரூபா தாரேன். பிள்ளைக்கு வேற எதுக்காச்சும் ஆகும்."

"விரிசல் சாமானுக்குப் பதினோரு ரூபா எதுக்கு அண்ணாச்சி? நீங்க நட்டப்படுவீகளே."

கடைத்தெருவில் யார் கேட்டிருந்தாலும் இந்தக் கேள்வியில் வெயிலுகந்தன் மாட்டியிருப்பான். இவள் மடக்கக் கேட்கவில்லை. அவனுக்காக இரக்கப்பட்டுக் கேட்டாள்.

"எதோ, தவிடு போட்டு வைக்க ஆகும்னு..."

"வேண்டாம். நான் குடுத்து, நீங்க ஒருத்தருக்கு வித்து, அவுக வீட்டு ஊறுகா கெட்டு... அந்தப் பாவம் எனக்கு எதுக்கு?"

சரி, பேரம் ஊறட்டும் என்று எழுந்துவிட்டான். இது அவன் அப்பா காலத்திலிருந்து வந்த பாடம். படியாத பேரத்தைப் பிடித்து இழுக்கக் கூடாது. எலுமிச்சங்காய்க்கு உப்புப் போட்ட மாதிரி மூடி வைத்துவிட வேண்டும். தானாகத் தோல் மெத்தென்று ஆகி வரும். கல்யாணச் செலவு நெருக்கும்போது அவளே ஆள் அனுப்புவாள்.

வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த மொக்கையன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். மொக்கையனுக்கு வாய், வண்டி மாதிரிதான். எந்த ஊரில் ஏற்றிய லோடையும் அடுத்த ஊரில் இறக்கிவிடும்.

முத்துத்தாய் ஆள் அனுப்பவில்லை. ஆடி பிறந்தபின் அவளே வந்தாள். யாரோ பருத்தி ஏற்றி வந்த வண்டியில் ஜாடியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு வந்து கடை வாசலில் இறங்கினாள். மாரிக்கனி ஜாடியின் பக்கத்தில், ஜாடி மாதிரியே அசையாமல் நின்றாள். கழுத்தில் தாலிக் கயிறு இன்னும் மஞ்சள் மங்காமல் இருந்தது.

"நீங்க சொன்னது சரியாப் போச்சு அண்ணாச்சி. நான்தான் கேக்கல."

வெயிலுகந்தனுக்கு முதலில் விளங்கவில்லை. அவள் நின்றபடியே சொன்னாள்.

புருஷன் வீட்டுக்குப் போகிற பெண்ணோடு, அவளே கையால் போட்ட ஒரு ஜாடி எலுமிச்சங்காய் ஊறுகாய் போகும். ஒரு நல்ல நாளில் மாமியார் தெருப் பெண்களைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, வாயில் கட்டிய துணியை அவிழ்த்து, ஆளுக்கொரு துண்டு கொடுப்பாள். வந்த மருமகளுடைய கைப்பக்குவம் அன்றைக்குத் தெருவுக்குத் தெரியும். மாரிக்கனியின் மாமியார் சௌந்தரம் துணியை அவிழ்த்தாள். உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பூசணம். வீச்சம் தாங்காமல் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார்கள்.

"அதோட விட்டிருப்பாக. எவனோ வண்டிக்காரன் வெல்லம் எறக்க வந்தவன் சொல்லியிருக்கான், அது விரிசல் ஜாடி, வெயிலுகந்தன் அண்ணாச்சியே சுண்டிப் பாத்துச் சொல்லிட்டாருன்னு. ஆத்தாகாரி தெரிஞ்சே விரிசல் ஜாடியக் குடுத்துவிட்டிருக்கா, எங் குடும்பம் விரிசல் விடட்டும்னு அனுப்பிருக்கான்னு சம்பந்தி ஒரே ஆட்டம். பிள்ளையையும் ஜாடியையும் ஒரே வண்டியில ஏத்திவிட்டுட்டாக."

மொக்கையன்.

"பெரிய மனுசங்க போய்ப் பேசுனாக. கடைசியா எறங்கி வந்திருக்காக. வெயிலுகந்தன் சுண்டி, முழுசுன்னு சொன்ன ஜாடி ஒண்ணோட வந்தா பிள்ளைய ஏத்துக்கிடுவாகளாம். ஆவணிக்குள்ள. இல்லன்னா மகனுக்கு வேற எடம் பாப்பாகளாம். ஒங்க வாக்குக்கு அம்புட்டு மரியாத அண்ணாச்சி." அவள் ஜாடியைத் தொட்டாள். "இத எடுத்துக்கங்க. அன்னைக்குச் சொன்ன பதினோரு ரூபா. கொறைச்சாலும் சரி. மிச்சத்துக்கு நான் கூலி வேல பாத்துக் கட்டிர்றேன். இதே அளவுல ஒரு நல்ல ஜாடி பாத்துக் குடுங்க."

வெயிலுகந்தனின் கை பழக்கத்தில் கல்லாவுக்குப் போனது. பதினோரு ரூபாயை எண்ணிக் கொடுத்தான். முத்துத்தாய் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"இத்தன பேர்ல நீங்க ஒருத்தர்தான் உள்ளதச் சொன்னீக" என்று சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

அவர்கள் தெரு முக்குத் திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு வெயிலுகந்தன் ஜாடியைச் சுண்டினான். விளிம்பில் கை வைக்கவில்லை. ஓங்கி ஒலித்தது. அலமாரியிலிருந்த சின்ன ஜாடிகளெல்லாம் அதற்குப் பதில் சொல்வது மாதிரி லேசாக முனகின. இப்படி ஒரு சத்தத்தை அவன் கடையிலேயே கேட்டதில்லை. நாற்பது இல்லை, ஐம்பதே போகும் என்று மனசு ஒரு மூலையில் விலை சொன்னது.

அப்படியானால் ஊறுகாய் ஏன் கெட்டது?

ஜாடியை வெயிலில் சாய்த்து உள்ளே பார்த்தான். அடியில் வட்டமாக ஏதோ வெள்ளையாக ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தான். உளுந்தமாவும் சுண்ணாம்பும் குழைத்த சாந்து. தொட்டி வெடித்தால் வீட்டுப் பெண்கள் அடைக்கிற பக்குவம். முத்துத்தாய் இல்லாத விரிசலைத் தேடித் தேடி அடைத்திருக்கிறாள். அந்த உளுந்தமாவு உள்ளே கிடந்து புளித்துப் பூத்து, மேலே இருந்த ஊறுகாயையெல்லாம் கெடுத்திருக்கிறது.

தன் விரல் சத்தத்தை மட்டும்தான் கொன்றது என்று இருந்தவனுக்கு, அந்த விரல் எவ்வளவு தூரம் நீண்டு போயிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

ஜாடி தேடினான். நிஜமாகவே தேடினான். அந்த அளவில் ஒன்றே ஒன்று, காரியாபட்டியில் ஒரு கிளப்புக் கடையில் இருந்தது. கடைக்காரன் எழுபது ரூபாய் என்றான்.

"எழுபதா? ஜாடிக்கா, கடைக்கா?"

"ஜாடிக்குத்தான். கடைய நூறுக்குத் தாரேன், வாங்கிக்கிறீகளா?"

வெயிலுகந்தன் நாற்பத்தைந்து கேட்டான். மற்றவன் சிரித்துக்கொண்டே அடுப்பைப் பார்க்கப் போய்விட்டான். வெயிலுகந்தன் பேரத்தை ஊறப் போட்டுவிட்டு வெளியே வந்தான்.

ஒரு பெண்ணின் வாழ்க்கை எழுபது ரூபாயில் தொங்கும்போதும் அவனால் எழுபது ரூபாய் கொடுக்க முடியவில்லை. இருபத்தைந்து ரூபாயைக் குறைக்காமல் விடுவது அவன் உடம்புக்கு ஆகாது. வண்டியில் திரும்பி வரும்போதுதான் அந்த யோசனை வந்தது. எதற்கு இன்னொரு ஜாடி? இருக்கிற ஜாடியே நல்ல ஜாடி. போய் உண்மையைச் சொல்லிவிட்டால் போயிற்று. பெண்ணும் வீடு சேரும், மனசும் ஆறும், செலவும் வண்டிக் கூலியோடு போகும். வாழ்நாளில் முதல் தடவையாக அவன் உண்மையைக் கையில் எடுத்தான். இருந்த சரக்கிலேயே அதுதான் மலிவாக இருந்தது.

மல்லாங்கிணற்றில் சௌந்தரத்தின் வீடு முன்பக்கம் பலசரக்குக் கடை, பின்பக்கம் குடித்தனம். புருஷன் இல்லாமல் கடையைத் தூக்கி நிறுத்தியவள். மகன் அருஞ்சுனை தராசில் மிளகாய் நிறுத்துக்கொண்டிருந்தான். ஜாடியை வண்டியிலிருந்து இறக்கியதும் சௌந்தரம் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"வாங்க அண்ணாச்சி. என்ன, பழைய ஜாடியே வருது?"

வெயிலுகந்தன் சொல்லிவிட்டான். வாங்குவதற்காகப் பொய் சொன்னது, கட்டைவிரல் வைத்தது, இரண்டையும். உளுந்தமாவுச் சாந்தைப் பற்றி மட்டும் பேச்செடுக்கவில்லை. சொல்லும்போது அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். பிறகு கையை எடுத்துவிட்டுச் சுண்டினான். ஜாடி முழங்கியது. மிளகாய்த் தராசைப் பிடித்திருந்த அருஞ்சுனை ஒரு தரம் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

சௌந்தரம் ஜாடியை விட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"முத்துத்தாய் எம்புட்டுக் குடுத்தா?"

"சத்தியமா ஒரு பைசா இல்ல தாயி."

"சரி, இருக்கட்டும். நல்ல ஜாடியச் செத்த சத்தம் போட வைக்கத் தெரியும்னு நீங்களே சொல்றீக. செத்த ஜாடிய மணியடிக்க வைக்கவும் தெரியும்ல? விரல் ஒங்க விரல், வித்தை ஒங்க வித்தை. நான் எதைக் கேட்டு நம்புறது?"

பெண்கள் சிரித்தார்கள். எத்தனையோ சந்தையில் எத்தனையோ பேரை மடக்கியவன். அவனை இன்று ஒரு பலசரக்குக்காரி மடக்கிவிட்டாள்.

"தண்ணி ஊத்திப் பாப்போம்" என்றான். "அடியில காஞ்ச சாம்பலப் போட்டு ஜாடிய வச்சு, வாய் நெறைய ஊத்துங்க. மயிரிழை இருந்தாலும் சாம்பல் நனஞ்சிரும். இதுல என் விரலுக்கு வேலை இல்ல."

"கெணத்துல வாளி தரை தட்டுது. ஒங்க ஜாடிக்கு ஊத்தச் சொல்றீகளா?" என்று முணுமுணுத்தாலும் சௌந்தரம் ஊற்றச் சொன்னாள். அவளும் வியாபாரிதான், சோதனை என்று வந்தால் பார்க்காமல் விடமாட்டாள். அடுப்புச் சாம்பலைச் சலித்துப் பரப்பி, ஜாடியைத் தூக்கி வைத்து நிரப்பினார்கள். வெயிலுகந்தன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். மொக்கையன் பக்கத்தில் வந்து குந்தினான்.

"மொதலாளி, நான் ஏதோ பேச்சுக்குச் சொன்னேன்..."

"நானும் பேச்சுக்குத்தானலே சொன்னேன்."

விளக்கு வைக்கிற நேரத்தில் தண்ணீரைக் குடங்களில் மொண்டுவிட்டு ஜாடியை நகர்த்தினார்கள். சாம்பல் மாவு மாதிரிக் காய்ந்து கிடந்தது. சௌந்தரம் குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தாள்.

"ஜாடி நல்ல ஜாடிதான். ஒத்துக்கிடுறேன்."

வெயிலுகந்தனுக்கு மூச்சு வந்தது. "அப்பப் பிள்ளைய..."

"பொறுங்க அண்ணாச்சி. ஜாடி முழுசு. உப்பு நம்ம கடை உப்பு, ஊறுகா போடன்னு கல்யாணத்துக்கு முந்தியே நான் குடுத்துவிட்டது. ஜாடி மேலயும் குத்தமில்ல, உப்பு மேலயும் குத்தமில்லன்னா, பூசணம் எங்கருந்து வந்துச்சு?" அவள் கூடியிருந்த பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். "இம்புட்டு நாளும் ஜாடி விரிசல், அதான் கெட்டுப் போச்சுன்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டிருந்தேன். இப்பப் பாத்தா, கைதான் சரியில்ல. விடக்கூடாத தீட்டு நாள்ல ஜாடிக்குள்ள கைய விட்டிருக்கு அந்தப் பிள்ள. கூசாம விட்டிருக்கு."

"ஆமா, பின்ன?" என்றாள் ஒருத்தி.

வெயிலுகந்தன் எழுந்தே விட்டான். "ஐயோ தாயி, அது இல்ல. ஆத்தாக்காரி உள்ள உளுந்தமாவுச் சாந்து பூசியிருக்கா. நான் சொன்ன விரிசல நம்பி அடைச்சிருக்கா. அது புளிச்சுத்தான் கெட்டது. இந்தா, இன்னும் ஒட்டியிருக்கு, பாருங்க!"

சொல்லி முடித்தபோதே தெரிந்தது. சௌந்தரத்தின் முகம் மாறவில்லை, அமைதியாகிவிட்டது. பேரத்தில் எதிராளி கடைசி விலையைத் தானாக உளறிவிட்டால் வருகிற அமைதி.

"அடைச்சா அனுப்புனா?"

"நம்பித்தான்..."

"விரிசல்னு நம்பியிருக்கா. நம்பி, மறைச்சு, பூசி, எங்க தலையில கட்டியிருக்கா. எவனோ வண்டிக்காரன் பேச்சு, பொய்யாக்கூட இருக்கும்னு மனசுல ஒரு ஓரத்துல வச்சிருந்தேன். நீங்களே வந்து கையெழுத்துப் போட்டுட்டீக. ஜாடியில விரிசல் இல்ல அண்ணாச்சி. ஆத்தா மனசுலதான் இருந்திருக்கு."

"காரியாபட்டியில ஒரு ஜாடி இருக்கு. எழுவது ரூபா. நானே வாங்கி, சுண்டிப் பாத்து..."

"சுண்டிப் பாத்து?" சௌந்தரம் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம்கூட இல்லை. "வெயிலுகந்தன் சுண்டுன ஜாடி கொண்டாங்கன்னு கேட்டது நான்தான். அது காலையில ஒங்க சுண்டுக்கு இருந்த விலை. இப்ப அதுக்கு என்ன விலை, நீங்களே சொல்லுங்க."

அருஞ்சுனை தராசைக் கொக்கியில் மாட்டிவிட்டு உள்ளே போனான். போகும்போது ஜாடியைச் சுற்றிக்கொண்டு போனான், இடித்துவிடக் கூடாது என்பது மாதிரி. தாயிடம் ஒரு வார்த்தை கேட்பான் என்று வெயிலுகந்தன் அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான். கதவைச் சாத்திக்கொண்டான்.

ஜாடியை வண்டியில் ஏற்றும்போது சௌந்தரம் பின்னாலேயே வந்தாள்.

"இத என்ன விலைக்குக் குடுப்பீக? ஆவணியில வேற பொண்ணு வருது, பேசி வச்சாச்சு. அவுக வீட்டுல ஜாடி கெடைக்கலன்னு தேடிக்கிட்டிருக்காக. முழுசுன்னு நாங்களே பாத்துட்டோம்."

"விக்கிறதுக்கில்ல" என்றான் வெயிலுகந்தன். இந்தச் சொல்லை அவன் வாய் இதற்கு முன் சொன்னதே இல்லை. முதலில் சொன்னவள் யார் என்பது சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது.

மறுநாள் ஆலடிப்பட்டிக்குப் போனான். போகாமல் இருந்திருக்கலாம். எப்படியும் செய்தி போய்ச் சேரும், மொக்கையன் இருக்கிறான். அப்படியும் போனான். முத்துத்தாய் வாசலில் உட்கார்ந்து பருத்தி பிரித்துக்கொண்டிருந்தாள். வண்டியில் ஜாடியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்தாள். வேறு ஜாடி என்று நினைத்துவிட்டாள். கிட்டே வந்து காதடியில் இருந்த விரல் பள்ளத்தைப் பார்த்த பிறகு மலர்ச்சி மெல்ல இறங்கியது.

வெயிலுகந்தன் எல்லாவற்றையும் சொன்னான். மல்லாங்கிணற்றில் நடந்ததையும் சொன்னான். மாரிக்கனியின் கையைப் பற்றி அவர்கள் பேசியதை மட்டும் விட்டுவிட்டான். அதையும் அவள் கேட்டாள்.

"பிள்ளையப் பத்தி என்ன சொன்னாக?"

அவன் தரையைப் பார்த்தான். அது போதுமாக இருந்தது.

அவள் அழவில்லை, ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். வீட்டுக்குள் திரும்பி ஒரு தரம் பார்த்தாள். உள்ளே மாரிக்கனி உரலில் கம்பு இடித்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

"ஒரு தடவை சுண்டுங்க."

"தாயி..."

"சுண்டுங்க அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரவுக வாங்கி அனுப்புனது. நல்ல சத்தம் எப்படி இருக்கும்னு நான் கேட்டதே இல்ல."

சுண்டினான். வண்டிமேல் நின்ற ஜாடி ஒலித்தது. வெயிலில் ஒலி வெகுநேரம் நின்றது. உள்ளே உலக்கைச் சத்தம் நின்றுபோனது. ஒலி அடங்கிய பிறகும் உலக்கை விழவில்லை.

"அன்னைக்கு இதுக்கு நெச விலை என்ன?"

"நாப்பது" என்றான் வெயிலுகந்தன். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து விற்கிறவளிடம் அவன் உள்ள விலையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. மடியை அவிழ்த்து, காரியாபட்டிக் கிளப்புக்காரனுக்கு அன்று கொடுக்க மனசு வராத எழுபதையும் அப்படியே அவள் முன்னால் நீட்டினான். "இது பூராவும் வச்சுக்கங்க. இன்னும் தாரேன். மாசாமாசம் தாரேன். பிள்ளைக்கு நான்..."

"நாப்பதுதானே சொன்னீக?"

அவள் அவன் கையிலிருந்து வாங்கி, தரையில் உட்கார்ந்து எண்ணினாள். எண்ணி எடுத்ததைத் தன் பக்கம் வைத்துவிட்டு, மிச்சத்தைத் திருப்பி நீட்டினாள். அவன் வாங்கவில்லை. வண்டித் தட்டில், ஜாடியின் காலடியில் வைத்தாள்.

"ஜாடியாவது இங்கயே இருக்கட்டும் தாயி. ஒங்களது."

"வெலை குடுத்து வாங்குன சாமான விட்டுட்டுப் போகாதீக. அப்புறம் அதுக்கு ஒரு கணக்கு நிக்கும்." அவள் சேலை முந்தியை உதறிக்கொண்டு எழுந்தாள். "ஒங்களுக்கும் எனக்கும் எதுவும் நிக்கக் கூடாது."

வெயிலுகந்தனுக்கு வேண்டியிருந்தது அந்தக் கணக்குதான். கடன் என்று ஒன்று இருந்தால் கட்டிக்கொண்டே இருக்கலாம். அதற்காகவாவது இந்த வாசலுக்கு வந்துபோகலாம். அந்த இடத்தையும் அவள் கொடுப்பதாக இல்லை.

முத்துத்தாய் விரல் மடக்கிச் சொன்னாள், சந்தையில் அவன் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் காட்டிய மாதிரியே, ஒவ்வொன்றாக, நிதானமாக.

"ஜாடி நாப்பது. அன்னைக்குக் கடையில வாங்குனது பதினொண்ணு. இப்ப வாங்குனது இருவத்தொம்பது. நேராப் போச்சு அண்ணாச்சி. பாக்கி இல்ல."